பகைவர் கடலில் தனிக்கலம்

விண்வெளிக் கதைகளை விரும்பிப் படிப்போர் எல்லோரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. தாயகத்தினின்றும் துண்டிக்கப்பட்ட ஒரு கலம், அல்லது சிறியதொரு கலத்தொகுதி, பகைவர் ஆட்சிக்குட்பட்ட நட்சத்திரங்களின் நடுவே தனித்து நிற்கின்றது. முன்னே சென்றாலும் பகை. பின்னே திரும்பினாலும் பகை. எரிபொருள் நாளுக்கு நாள் குறைகின்றது. உதவி வருமென்ற நம்பிக்கையும் இல்லை. எனினும் அக்கலம் சரணடைய மறுத்து, பகைவரின் போக்குவரத்துப் பாதைகளைத் தாக்கி மறைந்து, எதிர்பாராத வேறோர் இடத்தில் மீண்டும் தோன்றுகின்றது.

இக்காட்சி வெறுங் கற்பனையிற் பிறந்ததன்று. கதாசிரியர்கள் வானத்தை நோக்கி எழுதினார்களாயினும், அவர்கள் கண்முன் நின்றது கடலே. அக்கடல் வரலாற்றின் மிகச் சிறந்த உதாரணங்களுள் ஒன்று நம் தீவைச் சூழ்ந்த இந்து சமுத்திரத்திலேயே நிகழ்ந்தது. அதனை ஆராய்ந்து, அதன் துணைகொண்டு விண்வெளிக் கதைகளையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

கடற்போர் இருவகைப்படும். ஒன்று, பெருங் கடற்படையும் பெருங் கடற்படையும் நேருக்கு நேர் மோதிக் கடலின் ஆட்சியை முடிவு செய்தல். மற்றையது, நேர்நின்று பொரும் வலிமையற்ற தரப்பினர், தனிக்கலங்களைப் பகைவரின் வர்த்தகப் பாதைகளுக்கு அனுப்பி அவர்களை அலைக்கழித்தல். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே தென்மாநிலத்தாரின் அலபாமா என்ற கப்பல் இவ்வகைப் போருக்குப் பெயர்பெற்றது. 1862 முதல் 1864 வரை கப்டன் சேம்ஸ் அதனைச் செலுத்தினார். அறுபதுக்கு மேற்பட்ட கப்பல்களை அது பிடித்தது. ஆனால் தன் சொந்த நாட்டுத் துறைமுகம் ஒன்றையேனும் அது ஒருபோதும் அடைந்ததில்லை. அதற்கு அஞ்சிய அமெரிக்க வர்த்தகர் பலர் தம் கப்பல்களை அந்நிய நாட்டுக் கொடிகளின் கீழ்ப் பதிவுசெய்தனர். பகைவரின் கப்பலை மூழ்கடிப்பதைக் காட்டிலும் பகைவரின் மனத்தில் அச்சத்தை நிலைநாட்டுவதே இத்தகைய போரின் பெரும்பயன் என்பதனை உலகம் அன்றே கண்டுகொண்டது.

இவ்வாறு தனித்துப் போரிடும் கலத்துக்கு மூன்று தேவைகள் உண்டு. முதலாவது, எரிபொருளும் உணவும். இரண்டாவது, ஒளிந்துகொள்ள இடம். மூன்றாவது, பகைவர் எங்கே இருக்கின்றனர் என்னும் செய்தி. இம்மூன்றையும் ஒருங்கே பெற்று இயங்கிய கலம் எதுவென வினவினால், வரலாற்று மாணவன் தயங்காது சொல்லும் பெயர் எம்டன்.

எம்டன் ஜேர்மனியின் சிறியதொரு போர்க்கப்பல். அதன் எடை ஏறக்குறைய 3,600 தொன். 10.5 சென்ரிமீற்றர் வாயுடைய பத்துப் பீரங்கிகள் அதனிடம் இருந்தன. சீனாவிலே ஜேர்மனியர் வசமிருந்த சிங்தாவோ துறைமுகத்தைத் தளமாகக்கொண்ட கிழக்காசியப் படைப்பிரிவைச் சேர்ந்தது அது. அப்படைப்பிரிவின் தலைவர் அட்மிரல் கிராப் ஸ்பே. 1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முதலாம் உலகப்போர் மூண்டபொழுது, பிரித்தானியா, ஜப்பான், ருஷ்யா, பிரான்சு ஆகிய நாடுகளின் கப்பல்கள் கீழைக் கடல்களில் ஜேர்மனியரைச் சூழ்ந்து நின்றன. பசிபிக் சமுத்திரத்திலுள்ள பகான் என்னும் தீவிலே ஓகஸ்ட் 13ஆம் திகதி ஸ்பே தம் கப்டன்மாரை அழைத்து ஆலோசனை நடத்தினார். படைப்பிரிவு முழுவதும் தென்னமெரிக்காவை நோக்கிச் செல்வதென்பது அவருடைய முடிவு. அப்பொழுது எம்டனின் தலைவர் கார்ல் பொன் முல்லர், ஒரு கப்பலையேனும் இந்து சமுத்திரத்துக்கு அனுப்பவேண்டுமென்று எடுத்துரைத்தார்.

ஸ்பே இதற்கு இணங்கினார். அவர் இணங்கிய காரணம் நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரு படைப்பிரிவு முழுவதற்கும் வேண்டிய நிலக்கரியை இந்து சமுத்திரத்திலே பெறமுடியாது; அங்குள்ள துறைமுகங்கள் பெரும்பாலும் பகைவருடையவை. ஆனால் தனிக்கப்பல் ஒன்று, தான் பிடிக்கும் கப்பல்களின் கரியைக் கொண்டே உயிர்வாழ முடியும். பகைவர் நிலத்தில் நுழையும் படை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அதன் பசியும் பெரிது என்பதே அக்கணக்கு. மறுநாள் எம்டன், மார்க்கோமன்னியா என்ற கரிக்கப்பலைத் துணையாகக் கொண்டு தனிவழி சென்றது.

செப்டெம்பர் 10ஆம் திகதி வங்காள விரிகுடாவிலே வேட்டை தொடங்கிற்று. முதலிற் பிடிபட்டது கரியேற்றிச் சென்ற கிரேக்கக் கப்பல் ஒன்று. அதனைத் தொடர்ந்து இந்துஸ் என்னும் கப்பல் அகப்பட்டது. அதிலிருந்து பெருமளவு சவர்க்காரம் கிடைத்தது. எம்டனில் அப்பொழுது சவர்க்காரம் தீர்ந்துபோகும் நிலை. போர்வீரர்க்குக் குண்டு எவ்வளவு இன்றியமையாததோ, நீண்ட பயணத்தில் சவர்க்காரமும் அவ்வளவு இன்றியமையாதது என்பதனைப் பரணி பாடும் புலவர் சொல்வதில்லை, வரலாறு சொல்லும். பின்னர், இத்தீவுக்கு மேற்கே பிடிபட்ட புரெஸ்க் என்னும் கப்பல் பிரித்தானியக் கடற்படைக்கெனவே 6,000 தொன்னுக்கு மேற்பட்ட நல்ல கரியை ஏற்றிச் சென்றது. பகைவர் தம் படைக்கென அனுப்பிய கரியே எம்டனின் அடுப்புகளை எரித்தது.

ஒளிந்துகொள்ள எம்டன் கையாண்ட உபாயம் எளியது. அதற்குப் புகைபோக்கிகள் மூன்று. மரச்சட்டமும் துணியும் கொண்டு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை அமைத்தனர். தூரத்திலிருந்து பார்ப்போர்க்கு அது பிரித்தானியக் கப்பலாகவே தோன்றிற்று. செய்திகளையோ பகைவரிடமிருந்தே பெற்றுக்கொண்டனர். பிடிபட்ட கப்பல்களிலிருந்த செய்தித்தாள்கள், எந்தக் கப்பல் எப்பொழுது எங்கிருந்து புறப்படும் என்பதனை அவர்களுக்கு அறிவித்தன. தம்மைத் தேடித் திரிந்த கப்பல்களின் கம்பியில்லாத் தந்தி ஒலியைக் கேட்டு, அவை அண்மையிலுள்ளனவா சேய்மையிலுள்ளனவா என்று ஊகித்தனர்.

செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு முன்னே தோன்றி, பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகள்மீது ஏறக்குறைய 130 குண்டுகளைச் சுட்டது. எண்ணெய் தீப்பற்றி எரிந்தது. துறைமுகத்தில் நின்றோர் சிலர் உயிரிழந்தனர். போர் ஐரோப்பாவிலே நடக்கின்றது என்று எண்ணியிருந்த நகரம் திகிலடைந்தது. மக்கள் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். அதன்பின் எம்டன் தெற்கே திரும்பி, இலங்கையைச் சுற்றிவந்து கொழும்புக்குச் சமீபமாகவே கப்பல்களைப் பிடித்தது. ஒக்டோபர் மாதத்தில் தியேகோ கார்சியா என்ற தனித்தீவை அடைந்தபொழுது, அங்கு வாழ்ந்தோர் போர் மூண்டதனையே அறிந்திருக்கவில்லை! வந்தவர்களும் அதனைச் சொல்லவில்லை. கப்பலைத் துப்புரவாக்கி, கரியேற்றிக்கொண்டு, தீவினரின் பழுதடைந்த இயந்திரப் படகு ஒன்றையும் திருத்திக்கொடுத்துவிட்டுப் போயினர்.

ஒக்டோபர் 28ஆம் திகதி விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துள் புகுந்து, ருஷ்யாவின் செம்சுக் என்ற போர்க்கப்பலையும், வெளியே வரும்பொழுது மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. செம்சுக் என்ற சொல்லின் பொருள் முத்து. அதன் கப்டன் அன்றிரவைக் கரையிலே கழித்தார்; கடலிலே மாண்டவர்கள் அவருடைய மாலுமிகள்.

இரண்டு மாதங்களில் இருபதுக்கு மேற்பட்ட வர்த்தகக் கப்பல்களைப் பிடித்த எம்டனின் முடிவு, பெரும் பீரங்கியினால் தொடங்கவில்லை. ஒரு தந்திக் கந்தோரினால் தொடங்கிற்று. நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவுகளிலுள்ள தந்தி நிலையத்தை அழிக்க முல்லர் ஏறக்குறைய ஐம்பது பேரைக் கரையிறக்கினார். அவர்கள் கரையேறுமுன்னரே நிலையத்திலிருந்தோர், அந்நியக் கப்பல் ஒன்று வாசலில் நிற்கின்றதென்று உலகுக்கு அறிவித்துவிட்டனர். அதே வேளையில், அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிய கப்பல்வரிசை கொழும்பை நோக்கி ஐம்பது மைல் தூரத்தளவிற் சென்றுகொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த சிட்னி என்னும் போர்க்கப்பல் உடனே திரும்பி விரைந்தது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. எம்டன் குண்டுகளால் துளைக்கப்பட்டு, வடகீலிங் தீவின் பவளப்பாரிலே தானாகவே ஏறிநின்றது. 130க்கு மேற்பட்டோர் மாண்டனர். கரையிலே விடப்பட்டோர் ஆயிஷா என்ற பழைய பாய்க்கப்பல் ஒன்றைக் கைப்பற்றித் தப்பிச்சென்றனர்; அவர்களுட் பெரும்பாலோர் அரேபியா வழியாக 1915ஆம் ஆண்டிலே கொன்ஸ்தாந்திநோப்பிளை அடைந்தனர். அட்மிரல் ஸ்பேயின் படைப்பிரிவோ 1914 டிசெம்பர் 8ஆம் திகதி போக்லாந்துத் தீவுகளருகே அழிந்தது.

இனி, இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு கதையுலகுக்கு வருவோம்.

பகைவர் நடுவே தனித்து வாழும் கலத்தைக் கதையிலே முதன்முதற் பெருஞ்சிறப்புடன் படைத்தவர்களுள் பிரெஞ்சு ஆசிரியர் ஜூல் வேர்ண் தலைசிறந்தவர். 1870ஆம் ஆண்டளவில் வெளிவந்த அவருடைய நாவலின் நாயகன் கப்டன் நேமோ, நோட்டிலஸ் என்ற நீர்மூழ்கியிலிருந்து உலகத்தோடு பகைமை பாராட்டுகின்றான். அவன் புந்தேல்கண்டத்து இளவரசன் என்றும், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் எல்லாவற்றையும் இழந்தவன் என்றும் பின்வந்த நாவல் தெரிவிக்கின்றது. அக்கலம் நமது மன்னார் வளைகுடாவுக்கும் வருகின்றது. முத்துச் சலாபத்திலே சுறாமீனின் வாயில் அகப்பட இருந்த ஏழைக் குளியாளி ஒருவனை நேமோ காப்பாற்றி, அவன் கையில் முத்துப்பை ஒன்றையும் கொடுக்கின்றான். உலகை வெறுத்தவனுக்கும் ஒடுக்கப்பட்டவன்மீது இரக்கம் இருந்ததென்று காட்டுதற்கு ஆசிரியர் நமது கடலைத் தேர்ந்தெடுத்தார். எரிபொருளின் தேவையையும் வேர்ண் மறந்தாரல்லர். அணைந்துபோன எரிமலையொன்றின் உள்ளே மறைதுறையும், கடலடியில் நிலக்கரிச் சுரங்கமும் நேமோவுக்கு உண்டு. முல்லர் பகைவரிடம் பறித்துப் பெற்றதை நேமோ கடலிடமிருந்தே பெறுகின்றான், வேற்றுமை அவ்வளவே. பின்னாளில் வந்த விண்வெளிக் கலங்கள் பலவற்றுக்கு நோட்டிலஸே மூதாதை எனலாம்.

அடுத்து, 1956 முதல் இத்தீவிலே வாழ்ந்து 2008ஆம் ஆண்டு கொழும்பிலே காலஞ்சென்ற ஆதர் சி. கிளார்க் அவர்களின் சிறுகதை ஒன்றைக் குறிப்பிடலாம். ஒளிந்துபிடி விளையாட்டின் பெயரையே தலைப்பாகக்கொண்ட அக்கதை 1949ஆம் ஆண்டில் வெளிவந்தது. செவ்வாய்க் கிரகத்தின் சிறிய சந்திரனாகிய போபொஸ், ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீற்றர் குறுக்களவே கொண்டது. அதன்மேல் விண்வெளி உடையணிந்த ஒற்றன் ஒருவன் நிற்கின்றான். அவனைப் பிடிக்க மாபெரும் போர்க்கலம் ஒன்று வருகின்றது. கலம் ஒருபுறம் வந்தால் மனிதன் மறுபுறம் நகர்ந்துவிடுகின்றான். மிக வேகமாக ஓடவல்ல கலம், அச்சிறு பாறையைச் சுற்றித் திரும்புவதற்குத் திணறுகின்றது. எம்டனைத் தேடிய பெருங்கப்பல்கள் பட்ட பாட்டை இக்கதை நினைவூட்டும். பெரியதன் வலிமை ஓரிடத்திலே செல்லும். மற்றோரிடத்திலே அதுவே சுமையாகிவிடும்.

கலத்தொகுதி முழுவதையும் பகைவர் நடுவே நிறுத்திய கதை, 2006ஆம் ஆண்டு முதலாக ஜாக் கம்பெல் என்ற புனைபெயரில் வெளிவந்த தொடராகும். அதன் ஆசிரியர் அமெரிக்கக் கடற்படையில் உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். பகைவரின் தலைநிலத்தைத் தாக்கச் சென்ற கலத்தொகுதி பொறியில் அகப்படுகின்றது. சமாதானம் பேசச் சென்ற தலைவர்கள் கொல்லப்படுகின்றனர். எஞ்சியோரை ஒருவன் வழிநடத்தித் தாயகம் திரும்புகின்றான். கிரேக்க வரலாறு கற்றோர் இதனை உடனே இனங்கண்டுகொள்வர். கி.மு. 401இல் தலைவர்கள் வஞ்சனையாற் பிடிபட, பதினாயிரம் கிரேக்கர் பாரசீகப் பேரரசின் நடுவிலிருந்து மலையும் பனியும் கடந்து கருங்கடற்கரையை அடைந்த கதை அது. அவர்களுள் ஒருவராயிருந்து வழிநடத்திய செனொபனே அதனை எழுதிவைத்தார். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின் அதே பயணம் நட்சத்திரங்களிடையே மீண்டும் நடைபெறுகின்றது.

ஆனால் கடலும் விண்வெளியும் ஒன்றல்ல. இவ்விடத்திலே கதாசிரியர் பலர் வழுக்கிவிடுகின்றனர். கடலிலே கரி தீர்ந்தால் கப்பல் நின்றுவிடும். விண்வெளியிலோ உராய்வு இல்லாமையால், எரிபொருள் தீர்ந்த கலம் நில்லாது. சென்ற திசையிலேயே சென்றுகொண்டிருக்கும். அங்கே எரிபொருள் ஓடுவதற்கு வேண்டியதன்று. புறப்படுவதற்கும், திரும்புவதற்கும், நிற்பதற்கும் வேண்டியது. ஆதலால் எம்டனைப்போல் நினைத்த கணத்திலே வேறு திசையில் திரும்புவது அங்கே பெருஞ்செலவு. பகைவர் ஒருமுறை பாதையைக் கண்டுகொண்டால், கலம் போய்ச்சேரும் இடத்தைக் கணித்துவிடலாம்.

ஒளிந்துகொள்ளுதலும் அவ்வாறே. கடலுக்கு இரவும் உண்டு. மழையும் மூடுபனியும் உண்டு. விண்வெளியின் வெறுமையோ கடுங்குளிர். மனிதர் வாழும் கலமோ வெப்பமுடையது. குளிர்ந்த இருளின் நடுவே வெப்பமுள்ள பொருள், இருட்டறையில் ஏற்றிவைத்த விளக்கைப் போன்றது. அதனாலேயே 1966ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஸ்ரார் ட்ரெக் தொடரிலே, எல்லை கடந்து வந்து தாக்கும் கலத்துக்குக் கண்ணுக்குத் தெரியாதிருக்கும் மாயத்திரையைக் கொடுக்கவேண்டியதாயிற்று. அக்கதை நீர்மூழ்கிப் போரைப் பற்றிய திரைப்படம் ஒன்றைத் தழுவியது. கடல்நீர் செய்யும் மறைப்பை வெற்றிடம் செய்யாது. ஆகவே மாயம் வேண்டியதாயிற்று.

செய்தியின் நிலையோ நேர்மாறானது. ஒளி சூரியனிலிருந்து பூமிக்கு வர எட்டு நிமிடத்துக்கு மேற் செல்லும். வியாழனிலிருந்து வர அரைமணிக்கு மேலாகும். ஆகவே விண்வெளித் தலைவன் தொலைவிற் காணும் பகைவன், முன்னொரு வேளையில் அங்கிருந்த பகைவனே. கம்பெலின் தொடரிலே இது நன்கு கையாளப்பட்டுள்ளது. ஒருவரை ஒருவர் கண்டும், மணிக்கணக்காக ஒருவர் செயலை மற்றவர் அறியாமல் அணுகுகின்றனர்.

நேயர்களே, எரிபொருள், மறைவு, செய்தி என்னும் மூன்றையும் பார்த்தோம். இவற்றுக்கு மேலாக நான்காவது ஒன்றுண்டு. பகைவர் நடுவே தனித்துநிற்கும் படைக்கு மேலதிகாரியும் இல்லை, சாட்சியும் இல்லை. தன்னைத் தான் கட்டுப்படுத்திக்கொண்டாலன்றி, அத்தகைய படைக்கும் கொள்ளைக் கூட்டத்துக்கும் வேறுபாடு இராது. முல்லர் வர்த்தகக் கப்பலை மூழ்கடிக்குமுன் அதிலிருந்தோரை இறக்கினார். கைதிகள் பெருகியபொழுது ஒரு கப்பலை விடுவித்து அதில் ஏற்றி அனுப்பினார். மூஸ்கேயின் மாலுமிகள் நீரிலே தத்தளித்தபொழுது, ஆபத்து அருகிலிருந்தும் நின்று அவர்களை ஏற்றிக்கொண்டார். அதன் பயனை எம்டனின் வீழ்ச்சிக்குப் பின் கண்டோம். சிட்னி கொழும்புக்கு வந்தபொழுது, காயமுற்ற கைதிகள் கப்பலில் இருப்பதனால் வெற்றி ஆரவாரம் வேண்டாமென்று அதன் கப்டன் கேட்டுக்கொண்டார். துறைமுகத்தில் நிறைந்திருந்த படைவீரர் மௌனமாக நின்றனர். கம்பெலின் நாயகனும் கைதிகளைக் கொல்லும் வழக்கத்தை ஒழித்து, பழைய கடற்படை அறத்தை மீட்கின்றான். அவனுடைய வெற்றிகளுள் அதுவே பெரிது என்பேன்.

இருப்பினும், முல்லரின் பண்பைப் போற்றும் நாம் மற்றொன்றையும் மறக்கலாகாது. போர்நூலார் 'பகைவரின் பின்புறம்' என்று சொல்லும் இடம் வெற்றிடமன்று. அது யாரோ ஒருவருடைய முற்றம். அப்போரை அறிவித்தவர்கள் சென்னைவாசிகளல்லர், இலங்கையரும் அல்லர். எனினும் குண்டு விழுந்தது சென்னையிலே. அச்சம் பரவியது இக்கரைகளிலே. போயர் யுத்தக் கைதியாக இங்கு வந்து, பின் அம்பாந்தோட்டைப் பகுதியில் யால வனவிலங்குக் காவலராகப் பணிபுரிந்த எங்கல்பிரெக்ற் என்பவர், எம்டனுக்கு இறைச்சி கொடுத்தாரென்ற சந்தேகத்தின்மீது சிறைவைக்கப்பட்டார். அச்சந்தேகம் பொய்யென்று பின்னர் தெளிவாயிற்று. ஆனால் அதற்குமுன், 1922ஆம் ஆண்டில், அவர் இறந்துவிட்டார். எம்டன் அவர்மீது ஒரு குண்டும் சுடவில்லை. எம்டனைப் பற்றிய அச்சமே அவரை வீழ்த்திற்று.

அக்கப்பலின் பெயர் தமிழிலும் சிங்களத்திலும் இன்றும் வழங்குகின்றது. எதற்கும் அஞ்சாத சூழ்ச்சிக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்கிறோம். வியப்பும் அச்சமும் கலந்த அச்சொல்லிலே, போர் கடந்துசென்ற கரையில் நின்ற மக்களின் குரல் அடங்கியிருக்கின்றது. விண்வெளிக் கதைகளைப் படிக்கும் இளைஞர்கள் நாயகனின் கலத்தில் ஏறிச் செல்லட்டும். அது கதையின் இன்பம். ஆனால் அக்கலம் எரிபொருள் தேடி இறங்கும் ஒவ்வொரு சிறு கிரகத்திலும், தியேகோ கார்சியாவின் தீவினரைப்போலப் போரை அறியாத மனிதர் இருப்பர். கொக்கோஸ் நிலையத்தாரைப்போலத் தம் கடமையைச் செய்துகொண்டிருப்போரும் இருப்பர். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஒருகணம் கேட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்களாயின், அவர்கள் கதையோடு வரலாற்றையும் கற்றவராவர்.